சுவரில் ஏறிய நோட்டு விலை

— அப்ப இந்த ரெண்டு சாண் கரிக்கோட்டுக்குள்ளயா எனக்க வயலு கெடக்கு? நல்லா காட்டுங்கோ, நானும் பாக்கட்டு. இஞ்ச தெரியுதது வரப்பா, வாய்க்காலா?

— எட்டீ உமையா, கையை எடு. அழிஞ்சுபோவும்.

— அழிஞ்சா அழியட்டு. பொங்கலுக்கு வெள்ளையடிச்ச செவரு. எலி ஓடின மாதிரி இழுத்து வச்சிருக்கீங்கோ. பென்ஷன் வாங்குத மனுசன், ஏதோ வெளையாடுதாருன்னு நானும் விட்டேன். எங்க அண்ணன் அமரவிளையில இருந்து பொறப்பட்டாச்சாம். இண்ணைக்கு ஒற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தா கொல்லயில் வயலு நமக்கு. இல்லேன்னா அண்ணனுக்கு. அப்படிப் பேசி எழுதிக்கொடுத்தது நீங்கதானே? அண்ணன் ஒற்றிக்குத் தந்த அந்த வெள்ளி ரூவாயை எடுங்கோ.

— அதைத்தானே சொல்ல வாறேன். வெள்ளி வெள்ளியாட்டு இல்ல. நோட்டாட்டு இருக்கு.

— நோட்டாட்டா?

— சீமையில சண்டை நடக்குதில்லியா? வெள்ளி ரூவா எல்லாத்தையும் சனங்க பானையில போட்டு மூடிட்டாங்க. அதுக்குப் பதிலாட்டு வெள்ளைக்காரன் ராசா தலை போட்டுக் கடலாசு ரூவா அடிச்சு விட்டிருக்கான். அதை வெலை கொறஞ்ச நேரத்தில வாங்கிப் போட்டு, ஏறும்போ வித்தா...

— தேங்காய்க் கச்சவடம் செய்யப்போறேன்னு சொல்லித்தானே எனக்க கையில கைநாட்டு வாங்கினீங்கோ?

— தேங்காய் அழுகும். நோட்டு அழுகுமா?

— எவ்வளவுக்கு வாங்கினீங்கோ?

— பாறசாலை சந்தையில, நம்ம முத்துக்குமாரசாமிக்க காசுக்கடையிலயாக்கும். வெள்ளி ரூவான்னா ஒண்ணுக்கு நம்ம மகாராசாக்க சக்கரக்காசு இருபத்தெட்டரை. நோட்டு எனக்கு வெறும் இருபத்தாறுக்குக் கிட்டிச்சு. லாவத்தைப் பாரு.

— இப்ப என்ன வெலை?

— இப்பக் கொஞ்சம் எறக்கம்.

— எவ்வளவு எறக்கம்னு கேட்டேன்.

— இருபத்தொண்ணு.

— அடப் பாவி மனுசா!

— வெப்ராளப்படாதே. மராமத்துல இருக்கும்போ நெய்யாத்து வெள்ளத்தை அளந்து கோடு போட்டவனாக்கும் நான். எஞ்சினீயர் தொரை எனக்க கோட்டைப் பாத்துட்டுதான் பாலத்து வேலைக்கு ஆள் விடுவாரு. ஆறு கும்பம் மீனத்து வெயில்ல எறங்கும், இடவப்பாதி மழையில ஏறும். வெலைக்கும் அதே கொணம்தான். இஞ்ச பாரு, எறங்கி எறங்கி மணலு தெரியுத எடத்துக்குப் பக்கத்தில வந்தாச்சு.

— ஆத்துக்கு மழை உண்டு. இந்தக் கடலாசுக்கு எவன் வந்து மழை பெய்யப்போறான்?

— உனக்கு அது மனசிலாவாது. இந்தக் கூனு தெரியுதா? இது ஒரு சுழி. இது ரெண்டாம் சுழி. ரெண்டு சுழி அடுத்தடுத்து வந்தா வெள்ளம் வடியும்னு அர்த்தம்.

— இஞ்ச ஒரு எடத்தில கயிறு கட்டின மாதிரி நேரா போவுதே, இதுக்கு என்ன அர்த்தம்? ஆறு உறங்கிட்டா?

— அந்தச் சந்தைக்கு நான் போகல்ல. எனக்குப் பனிக்காய்ச்சலில்லியா, கஞ்சி குடிச்சுட்டுக் கெடந்தேனே. முந்தின வெலையையே இழுத்து வச்சேன்.

— உங்களுக்குப் பனி வந்தா ஊரு வெலையும் பாயில படுத்துக்கிடுமாக்கும்! கொள்ளாம். சரி, எறங்கும்னு கோடு சொல்லிச்சில்லியா, பெறவு எந்தப் புத்தியில இருபத்தாறுக்கு வாங்கினீங்கோ?

— வாங்கின பெறவுதான் கோடு திரும்பிச்சு. நான் என்ன செய்யட்டு? நமக்க பணம் கெடக்குதேன்னு கோட்டை ஏத்தி வரைய முடியுமா? ஒரு மொறை உண்டில்லியா. சந்தையில கேட்ட வெலையைக் கெட்டிக் கோடாட்டு இழுப்பேன். அடுத்த சந்தைக்கு எங்க வந்து நிக்கும்னு ஒரு குத்து வைப்பேன். இண்ணைக்கு வரைக்கும் ஒரு குத்தாவது தப்பிச்சா? வச்ச எடத்தில வெலை வந்து நிக்குதுட்டீ. எனக்கே சிலநேரம் மேலு புல்லரிக்கும்.

— வயலு போறது பெருசில்ல. குத்து தப்பாததுதான் பெருசு.

— அது பெரிய காரியம்தானே!

— எனக்கு அழுகை வருதா சிரிப்பு வருதான்னே தெரியல்ல. வருசம் முழுக்க நாம தின்னுத அரிசி அந்த வயல்ல வெளையுததாக்கும். இனி இந்தச் செவரைச் சொரண்டி ஒலையில போடவா? ரெண்டு சுழியும் நல்லா வெந்து வருமா?

— மெல்லப் பேசு. முற்றத்தில ஆரோ வாறாங்கோ.

— பிள்ளைவாள்! ஒரு கிண்டி வெள்ளம் கிட்டுமா?

— காசுக்கடைக்காரருக்க சத்தமில்லியா இது? வாரும் முத்துக்குமாரசாமி, உள்ள வாரும். சந்தை அன்னைக்கெல்லாம் காலத்தே வந்து இஞ்சதான் வெள்ளம் குடிக்குதீரு. உமக்கு நீரழிவுன்னு நெனச்சு நான் எரக்கப்பட்டுட்டு இருந்தேன். பாறசாலையில கெணறெல்லாம் வத்திப்போச்சா?

— சத்தியமாட்டு அக்கா, இந்த வீட்டு வெள்ளத்துக்க ருசியே வேற. பிள்ளைவாள், கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்கோ. இண்ணைக்குக் குத்து வச்சாச்சா?

— உமக்கு என்னத்துக்கு குத்து?

— கடை தெறக்கண்டாமா அக்கா? பலகையில வெலை எழுதண்டாமா?

— நில்லும், நில்லும். உமக்க கடைக்கு வெலை எழுத இவருக்க குத்தை ஏன் பாக்கணும்?

— பின்ன எதைப் பாக்க? நான் நாலாங்கிளாசு. பிள்ளைவாள் ஆத்தையே அளந்தவரு. அவரு இருபத்திரெண்டில குத்து வச்சா நான் இருபத்திரெண்டுன்னு எழுதுவேன். இருபத்தொண்ணுன்னா இருபத்தொண்ணு. சத்தியமாட்டு, ஒரு காசு மாத்தினதில்ல. நடுவில ஒரு சந்தைக்கு குத்து வைக்காம படுத்துட்டாரு பாருங்கோ, அன்னைக்கு நானும் பழைய வெலையிலதான் நடத்தினேன்.

— இஞ்ச பாருங்கோ, கேட்டீங்களா?

— கேட்டேன்.

— நீங்க இவருக்க கடையில வெலை கேட்டுட்டு வந்து இஞ்ச கோடு இழுக்குதீங்கோ. இவரு இஞ்ச கோட்டைப் பாத்துட்டுப் போய் அங்க வெலை எழுதுதாரு. நடுவில எனக்க வயலு!

— அப்ப எனக்க கோடு சரியாட்டுதான் இருந்திருக்கு, இல்லியா?

— எனக்க தெய்வமே!

— பிள்ளைவாள், அது போட்டு. எனக்கு ஒரு சங்கடம். நீங்க குத்தைக் கீழ வைக்க வைக்க, சனம் பயந்து நோட்டைக் கொண்டுவந்து கொட்டுது. பெட்டி நெறஞ்சாச்சு. என்னைக்காவது ஏத்தி வைப்பீங்கன்னு நானும் எல்லாத்தையும் வாங்கிட்டேன். இனி எப்பளாக்கும் ஏற்றம்?

— மணலு தெரியணும். இன்னும் ரெண்டு சந்தை கழியட்டு.

— ரெண்டு சந்தையா! சத்தியமாட்டு, அதுக்குள்ள நான் பிச்சை எடுக்கப் போவேன்.

— ஓய் முத்துக்குமாரசாமி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லும். இந்தச் செவரு சங்கதி வேற ஆருக்குத் தெரியும்?

— ஆருக்குத் தெரியாது அக்கா? நெய்யாற்றின்கரை கோடதியில வக்கீல் குமாஸ்தாமாரு வரைக்கும் ஆள் விட்டுக் கேக்காங்கோ, செவரு இண்ணைக்கு என்ன சொல்லுதுன்னு. உங்க அண்ணன் தாணு பிள்ளை நேத்தும் கடைக்கு வந்தாரு. செவரு என்னைக்கு மேல திரும்புதோ, அன்னைக்குக் கிட்டுத நோட்டெல்லாம் எனக்காக்கும்னு சொல்லி வச்சிட்டுப் போயிருக்காரு.

— எங்க அண்ணனா? ஒத்தச் சக்கரத்தை மூணு தடவை தட்டிப் பாத்து வாங்குத மனுசனா?

— சத்தியமாட்டு.

— தலைப்பாக் கட்டின ஆம்பிளையளெல்லாம் எனக்க வீட்டு அடுப்புக்கரியை நம்பித்தான் கச்சவடம் பண்ணுதீங்கோ, இல்லியா? எனக்கு இது இத்தன நாளும் தெரியாம போச்சே. கரித்துண்டு எங்க?

— என்னத்துக்கு?

— தாங்கோ இஞ்ச. முத்துக்குமாரசாமி, அந்த முக்காலியை ஆடாம பிடியும்.

— எட்டீ! எட்டீ உமையா, தொடாதே! அது அளந்து போட்டது!

— அளந்த லட்சணம் தெரிஞ்சுபோச்சு. இருபத்தொண்ணுல இருந்து தொடங்குதேன். இன்னா, இருபத்திமூணு. இன்னா, இருபத்தஞ்சு. போதுமா ஓய்?

— கொஞ்சம்கூட ஏத்துங்கோ அக்கா. எனக்கும் பெட்டி நெறயக் கெடக்கில்லியா.

— இன்னா, இருபத்தெட்டு. இதுக்குமேல உத்தரம் தட்டுது.

— பொய்க்கோடு! நெய்யாறு பெருகிப் பாலமே அடிச்சுட்டுப் போன அன்னைக்கும் நான் ஒரு பொய்க்கோடு போட்டதில்ல! எஞ்சினீயர் தொரை கண்டா என்ன சொல்லுவாரு?

— தொரை வந்தா நான் பதில் சொல்லுதேன். நீங்க வாயை மட்டும் மூடிட்டு நில்லுங்கோ. முத்துக்குமாரசாமி, நீரு போய் இருபத்திமூணுன்னு எழுதிக் கடையைத் தெறயும். எங்க அண்ணன் எதிர வருவாரு. செவரு திரும்பியாச்சுன்னு மட்டும் சொல்லும். வேற ஒண்ணும் பறையண்டாம்.

— சொல்லுதேன். ஆனா அக்கா, நாளைக்கு அவரு வந்து எனக்க கழுத்தைப் பிடிச்சாருன்னா?

— அவரு எனக்க கழுத்தைப் பிடிச்சப்போ ஆராவது வந்து கேட்டீங்களா? எங்களுக்கு அவசரம்னு தெரிஞ்சுட்டு, வயலுக்க பாதி வெலைகூட வராத பணத்துக்கு ஒற்றி எழுதி வாங்கினவராக்கும். கூடப் பொறந்தவளுக்க சோறாச்சேன்னு ஒரு நிமிசம் நெனச்சாரா? போம் ஓய்.

— போறேன், போறேன். அந்த வெள்ளம்?

— அதை இனி உமக்க வீட்டில குடியும்.

— உமையா, இது ஞாயமில்ல கேட்டியா.

— இருபத்தாறுக்கு வாங்கி இருபத்தொண்ணுல முங்கிக் கெடந்துட்டு ஞாயம் பேசுதீங்கோ. ஒற்றிக்கு வாங்கின வெள்ளி எத்தனயோ அத்தன நோட்டை எண்ணிக் கட்டி வைங்கோ. வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது. வாங்கண்ணே! வாங்கோ, இருங்கோ. மோரு கொண்டு வரட்டா?

— மோரு பெறவு குடிக்கலாம். உமையா, வழியில காசுக்கடைக்காரன் மூச்சுவாங்க ஓடுதான், செவரு திரும்பியாச்சுன்னு. எங்க, நான் பாக்கட்டு. அம்மாடி! நேரா உத்தரத்துக்கில்லா போவுது!

— எனக்கென்ன தெரியுமண்ணே? எழுத்தா படிச்சேன், கோடா படிச்சேன்? எனக்கு இப்ப ஒரே வெசனம். ஒற்றி திருப்ப வெள்ளி கிட்டல்ல. கையில உள்ளது இந்தக் கடலாசு நோட்டுதான். நீங்க இதை வாங்கமாட்டீங்கோ. வயலு உங்களுக்குத்தான்னு விதிச்சிருக்கு, என்ன செய்ய?

— ஆரு சொன்னா வாங்கமாட்டேன்னு? நான் என்ன அந்நியனா? கூடப் பொறந்த தங்கச்சிக்கிட்ட வெள்ளிதான் வேணும்னு நிப்பேனா? ஒரு வெள்ளிக்கு ஒரு நோட்டு. இன்னா ஒற்றி ஆதாரம், பிடி. வயலு உனக்கு. சீக்கிரம் நோட்டைத் தா மக்கா, எனக்குச் சந்தைக்குப் போணும்.

— இஞ்ச பாருங்கோ, அண்ணன் சம்மதிச்சாச்சு. அந்தக் கட்டை எடுத்துக் கொடுங்கோ. என்ன, செவரையே பாத்துட்டு நிக்குதீங்கோ? காதில விழல்லியா? கொடுங்கோன்னா!

— மாட்டேன். கோடு இப்படி ஏறிட்டு இருக்கும்போ எந்த மடையன்டீ நோட்டைக் கையை விடுவான்?