எல்லைவரை கார் ஓட்டிய தலைமையாசிரியருக்கு

கேள்விகளால் எங்களைக் கிளறிக்கொண்டே இருந்தவரே, போகிறவருக்கும் கதவைத் திறந்து பிடித்தவரே, டோர்வில் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆர்டிஸ் நீகார்ட் அம்மையீர், வணக்கம்.

நம் மின்னசோட்டா மாநிலத்தில் வீடு ஒரு பள்ளி வட்டாரத்திலும் பள்ளி வேறொரு வட்டாரத்திலும் இருக்கலாம். பெற்றோர் விரும்பி விண்ணப்பித்தால் சொந்த ஊர்ப் பள்ளி தடுக்க முடியாது. பிள்ளையோடு அரசுப் பணமும் போய்விடும். ஆகவே விண்ணப்பக் காலம் வந்தால் மற்றத் தலைமையாசிரியர்கள் பிள்ளைகளின் தலையை எண்ணத் தொடங்குவார்கள். தங்களுக்கோ ஆவல் பொங்கும். "அங்க அப்படி என்ன இருக்கு, சொல்லுங்களேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். சண்டைக்கு வந்த பெற்றோர் திகைத்துப்போவார்கள்.

சென்ற ஆண்டு பால்பண்ணைக்காரர் டுவேன் ஹவ்லிக் வந்தார். நான்காம் வகுப்பில் படித்த அவர் மகள் ப்ரீடாவுக்கு, பெரிய வயலின் போன்ற செல்லோ வாசிக்க உயிர். நம்மிடம் ஊதுகருவிகள் மட்டுமே. நரம்புக் கருவிகள் அடுத்த வட்டாரமான ஆஸ்மண்டில். அங்கே இடமும் கிடைத்திருந்தது. ஆனால் ஆஸ்மண்ட் பேருந்து வீட்டு வாசலுக்கே வரும் என்று அவர் நம்பியிருந்தார். அது வட்டார எல்லையோடு நின்றுவிடும். அதுவரை கொண்டுவிடுவது பெற்றோர் பாடு. காலையில் அவருக்குப் பால் கறக்க வேண்டும், மனைவிக்கோ மருத்துவமனையில் இரவுப் பணி.

"அப்போ வேணாம் மேடம். அவகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று அவர் எழுந்தார்.

"நான் கொண்டுபோய் விடறேன் டுவேன்" என்றீர்கள். நம் ஊர் வழக்கப்படி அவர் இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறைதான் தலையசைத்தார்.

நான்காம் வகுப்பு ஆசிரியை ஜானல் கொதித்துப்போனார். "ஒரு பிள்ளை கொறஞ்சாலும் நாலாங்கிளாஸ் ரெண்டு பிரிவையும் ஒண்ணாக்கிடுவாங்க. என் வேலைக்கு நீங்களே வேட்டு வைக்கிறீங்களே?"

"அவ இங்கயே இருந்தா என்ன ஆவான்னு எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான், ஜானல். அதுக்காக அவளப் பிடிச்சு வெச்சுப் பாக்க முடியுமா?"

பிரிவுகள் இணைந்தன. ஜானல் இரண்டாம் வகுப்புக்கு மாற்றப்பட்டு, பல வாரம் தங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாங்களோ பனியிலும் பின் இருக்கையில் செல்லோவைச் சாய்த்துக்கொண்டு எல்லைக்குப் போனீர்கள். திரும்பி வந்து, தாங்கள் போடும் அந்தக் கழுநீர்க் காபியை எங்களுக்கு ஊற்றி, ஆஸ்மண்டில் பின்னங்களை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று ப்ரீடா சொன்னதை எல்லாம் ஒப்பித்தீர்கள். நாங்களும் செய்து பார்த்தோம்; சில உருப்பட்டன, சில உருப்படவில்லை.

தாங்கள் ஓய்வு பெற்று டுலூத் நகருக்குக் குடிபோவதை அறிந்து, நேற்று டுவேன் மறுபடி வந்தார். "இனி யாரையும் சிரமப்படுத்தக் கூடாது. ப்ரீடா இங்கயே திரும்பி வந்துடட்டும்" என்றார். பள்ளிக்கு ஆதாயம்தான். எங்களில் முதலில் வாய் திறந்தவர் ஜானல்.

"திங்கக்கிழமை என் முறை. மத்த நாளுக்கும் ஆள் இருக்கு. செல்லோ என் கார்ல நுழையுமான்னுதான் தெரியல. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க டுவேன், வெச்சுப் பாத்துடலாம்."

அம்மையீர், தங்களுக்கு நோயில்லா நெடுவாழ்வும் வாய் ஓயாத கேள்விகளும் வாய்க்கட்டும்.

தங்கள் அன்பை மறவாத,
டோர்வில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும்