பெட்டியில் தங்கியது

நான் நின்றுகொண்டே பேசுகிறேன், ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடுகிறது. என் கல் அரைக்கும் கொட்டகையைப் பூட்டி நீங்கள் முத்திரை வைத்த நாளிலிருந்து இப்படித்தான். உருளைகளின் இரைச்சலுக்குள்ளேயே உண்டு உறங்கிப் பழகியவளுக்கு இந்த அமைதியில் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கை நடுங்குவதைப் பார்க்கிறீர்கள். அது காப்பி அதிகம் குடிப்பதால் வருவது.

என் கொழுந்தன் ஹெங்கி அன்று காலை எதற்காகத் தங்கக் குழிக்கு ஓடினான் என்றுதானே கேட்டீர்கள்? அதைச் சொல்ல வேண்டுமானால் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்கள் மனாடோ நகரத்திலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி. எங்கள் மலைவழக்கம் தெரிந்திருக்காது. குழிக்காரர்கள் கல்லை மூட்டை கட்டிக் கொண்டுவருவார்கள். நான் அதை இரும்பு உருளைகளில் போட்டு, தண்ணீரும் பாதரசமும் விட்டு அரைத்துக் கொடுப்பேன். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரளும். அந்த உருண்டை கல்லுக்காரனுடையது. கழுவிவிடும் சேறு கொட்டகைக்காரியுடையது. கூலி என்று தனியாக எதுவும் வாங்குவதில்லை. சேற்றோடு என்ன போனாலும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். என் மாமனார் காலத்திலிருந்து இதுதான் நடைமுறை.

ஹெங்கி நகரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து அந்தப் பெட்டியைச் செய்தான். மரப்பெட்டிதான். உள்ளே செப்புத் தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தான். கழுவுநீர் அவற்றின்மேல் வளைந்து வளைந்து இறங்கும்போது, அதில் மிதந்துவரும் பாதரசப் பொடி தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் ஓடைக்குப் போகும், அங்குள்ள மீனில் பாதரசம் ஏறாது.

"மீனுக்காகவா இவ்வளவு மெனக்கெடுற? மீன் உனக்கு மாமனா, மச்சானா?" என்று கிண்டல் செய்தேன்.

"அந்த மீனத் திங்கிறது நீங்கதானே, அண்ணி. நீங்க வால்கூட மிச்சம் வைக்கிறதில்லையே" என்றான்.

நல்ல பிள்ளை. அவனை நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை தகடுகளைச் சுரண்டித் துணியில் வைத்துப் பிழிந்தபோது பாதரசம் வடிந்து, துணிக்குள் ஒரு சின்ன உருண்டை நின்றது. பாதரசத்தோடு தங்கமும் தப்பி வந்திருக்கிறது. கழுவுநீரில் வந்தது சேற்றோடு சேர்ந்தது, அதனால் எடுத்துக்கொண்டேன். அதில் தவறு எதுவும் இல்லை.

வழக்கமாகக் கல் மாவாக அரைந்த பிறகுதான் பாதரசம் ஊற்றுவோம். முதலிலேயே ஊற்றினால் அதுவும் கல்லோடு சேர்ந்து இடிபட்டுப் பொடியாகிவிடும். பிறகு ஒன்றுசேராது. பிடித்த தங்கத்தோடு தண்ணீரில் மிதந்து போய்விடும். முன்பெல்லாம் அப்படிப் போனால் எல்லோருக்கும் நஷ்டம். இப்போதுதான் கீழே பெட்டி இருக்கிறதே. முதலிலேயே ஊற்றச் சொன்னேன். வேறொன்றும் செய்யவில்லை. யாருடைய உருண்டையையும் நான் தொட்டதில்லை.

ஃப்ரெட்ஸ் எனக்கு நன்றிகூடச் சொன்னான். என் கொட்டகைக்கு அதிகக் கல் கொண்டுவருகிற குழியின் தலைவன் அவன். என் கணவரின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன். "எடுத்த எடுப்புலேயே பாதரசம் ஊத்துறீங்களே! வேற கொட்டகையில சொட்டுச் சொட்டா விடுவானுங்க. உங்க மனசு யாருக்கும் வராதுக்கா" என்றான்.

அவன் உருண்டைகள் சிறுத்துக்கொண்டே வந்தன. தங்கம் குறைந்தால் எங்கள் ஆட்கள் உருளையைச் சந்தேகிக்க மாட்டார்கள். அது கண்ணெதிரே சுற்றுகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள். அவர்கள் மலையைத்தான் சந்தேகிப்பார்கள். குழிக்குள் எவனாவது சீட்டியடித்திருப்பான், சண்டை போட்டிருப்பான், மலை கையை மூடிக்கொண்டுவிட்டது என்பார்கள். ஃப்ரெட்ஸும் அவன் கூட்டாளி யோப்பியும் ஒருவரையொருவர் குறை சொல்லி, பேச்சே நின்றுபோனது. பிறகு குழிவாயில் வெள்ளைச் சேவல் அறுத்தார்கள். போதகரையும் கூப்பிட்டு ஜெபம் செய்தார்கள். சேவல் நான் கொடுத்தது.

அதற்கும் மலை இரங்காததால் பழைய சுரங்கத்துக்கு அடியில் இறங்குவதாகப் பேச்சு வந்தது. அது தாத்தாக்கள் தோண்டிவிட்டுப் போன இடம். மேலே தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஹெங்கி அதைக் கேட்டுவிட்டு, சுரண்டிய தகட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.

"அண்ணி, இம்புட்டு கெட்டியா வெண்ணெ மாதிரி ஒட்டியிருக்கு. இது மலை மூடிக்கிட்டது இல்ல. ஃப்ரெட்ஸ் அண்ணனோட தங்கம்."

"கழுவுத் தண்ணியில வந்தது சேத்துக்காரிக்குத்தான்டா."

"அது தானா வந்தா. நாம வர வச்சா? அவங்க கல்லு வத்திப்போச்சுன்னு நெனச்சு சாகப் போறாங்க, அண்ணி. சொல்லிடுங்க."

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நானே சொல்றேன். நீ வாயத் தெறக்காத."

அவன் நம்பினான். அண்ணி சொன்னால் நம்புகிறவன். நானும் சொல்லத்தான் நினைத்திருந்தேன். எந்த ஞாயிறு என்று மட்டும் முடிவு செய்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஃப்ரெட்ஸ் தனியாக வந்து மூட்டைமேல் உட்கார்ந்தான். "அக்கா, உங்க கண்ணு பாக்காத கல்லா? நீங்களே சொல்லுங்க. இத்தோட விட்டுட்டு ஊருக்குள்ள ஏதாவது வேலை பாக்கட்டுமா, இல்ல அடியில எறங்கட்டுமா? ஆல்டா வேண்டாம்னு அழுவுறா."

ஆல்டா அவன் மனைவி. நான் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். அருமையான கல். அவன் விட்டுப்போனால் மூட்டை வருவது நின்றுவிடும். அதே இடத்தில் தோண்டினால், தங்கம் ஏன் குறைகிறது என்று மற்றவர்களும் வந்து இந்த நல்ல கல்லைப் பார்ப்பார்கள், கேள்வி வரும்.

"இன்னும் கொஞ்சம் கீழ போனா நல்லாயிருக்கும்னு தோணுதுப்பா" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. சோறும் புகைபோட்ட சூரை மீனும் கொடுத்தேன். மிளகாய் போதாது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் மழை. அவர்கள் இறங்கப்போகிற செய்தி ஹெங்கியின் காதுக்கு எட்டிவிட்டது. "நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்று செருப்பைத் தேடினான். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "தகட்டச் சுரண்டிட்டுப் போ. மழைத் தண்ணி அடிச்சா எல்லாம் ஓடைக்குப் போயிடும். அப்புறம் உன் மீனு என்னாகுறது?" என்றேன்.

அது உண்மைதான், ஐயா. பெட்டிக்குள் மழைநீர் புகுந்தால் ஒட்டியதெல்லாம் பெயர்ந்துவிடும். அவன் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த ஒரு வார்த்தையை அவனால் தட்ட முடியாது. நனைந்துகொண்டே உட்கார்ந்து ஒவ்வொரு தகடாகச் சுரண்டினான். நான் வாசலில் நின்று மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குத் தொப்பிகள் மேலே ஏறிப் போயின. அவன் முடித்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் ஓடினான்.

போய்ச் சேர்ந்தபோது ஃப்ரெட்ஸும் யோப்பியும் உள்ளே இறங்கிவிட்டார்கள். கூப்பிட்டது கேட்காததால் இவனும் இறங்கியிருக்கிறான். பழைய சுரங்கத் தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரின் உடலையும் மறுநாள்தான் எடுத்தார்கள்.

விபத்து என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தகடு சுரண்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எப்போது இறங்குவார்கள் என்பதும் தெரியும். ஹெங்கி நேரத்தோடு போயிருந்தால் ஃப்ரெட்ஸ் குழியிலிருந்து நேராக என் கொட்டகைக்கு வந்து பெட்டியைத் திறந்திருப்பான். அதனால்தான் ஹெங்கியைச் சுரண்ட உட்காரவைத்தேன். அவன் உள்ளே இறங்குவான் என்று மட்டும் நினைக்கவில்லை.

நீங்கள் பூட்டுவதற்கு முன்பு, ஃப்ரெட்ஸ் கடைசியாகக் கொண்டுவந்த மூட்டைகள் கொட்டகையில் கிடந்தன. இறந்தவன் பொருளில் கைவைக்க எனக்கு மனம் வராது. பழையபடியே அரைத்து, கடைசியில் பாதரசம் ஊற்றி, வந்த உருண்டையை அப்படியே ஆல்டாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். துக்கப் பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிய உருண்டையை அவர்கள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆல்டா அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "மூணு உசுர வாங்கிட்டு இப்பத்தான் மலை கை தெறந்திருக்கா, அக்கா?" என்று கேட்டு அழுதாள்.

அவள் தம்பி எழுந்தான். "அப்ப பக்கத்துக் குழியில அடி வரைக்கும் எறங்கிட வேண்டியதுதான். இனிமே மலை ஒண்ணும் பண்ணாது" என்றான். ஆண்கள் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், கல்லைத் தெரிந்தவள் என்பதால்.

நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் ஒருவர் பேச்சை மறுத்துப் பேசுவது எங்களில் மரியாதையில்லை, ஐயா.