பேரிகைக்குப் போகும் பன்னிரண்டு கண்ணாடி

— இப்ப உடை.

— இருங்க.

— இருக்கறதுக்கு என்ன இருக்குது ஜோதி? கட்டரால கண்ணாடியில கோடு போட்டாச்சு. சத்தமும் ஒரே சீரா வந்துச்சு, புதுத்துணி கிழிக்கிற மாதிரி. உடை, அவ்ளோதான்.

— கை வேர்க்குது. துடைச்சுக்கிறேன்.

— மூணாவது தடவை துடைக்கிற. அந்தத் துணியே நனைஞ்சுபோச்சு.

— நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போய் உக்காருங்களேன். பக்கத்துல நின்னு என் கையையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எப்படி வரும்?

— நாளன்னிக்கு இந்தப் பக்கமே இருக்க மாட்டன். அதுக்குத்தான் இன்னிக்கு நிக்கிறன். திங்கக்கெழமை காலையில ஆறு மணிக்கு நான் கம்பெனி கேட்ல தொப்பி போட்டுகிட்டு நிக்கணும். வர்ற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்கணும். இந்தக் கடையில, இந்த டேபிள்ல, நீ ஒருத்திதான்.

— சல்யூட்டு எந்தக் கையில அடிப்பீங்க?

— இடது கையிலதான். வலது கையிலதான் மூணு வெரல் மடங்கலியே. யாராச்சும் கேட்டா, எங்க ஊரு மிலிட்டரியில இப்படித்தான்னு சொல்லிக்கறன்.

— சிரிக்க வைக்காதீங்க, கை ஆடுது.

— ஆடட்டும். சிரிச்சுகிட்டே உடை. கேளு, கோடு டேபிள் ஓரத்துக்கு நேரா இருக்குதா?

— இருக்கு.

— வெளிய நீட்டிகிட்டு இருக்கற பக்கத்தை ரெண்டு கையாலயும் புடி. கட்டை வெரல் மேல, மத்த வெரல் கீழ. இத்துனூண்டு தூக்கு. தூக்கிட்டு, ஒரே அழுத்து. நடுவுல யோசிக்கக் கூடாது. நீ யோசிச்சா கண்ணாடிக்குத் தெரிஞ்சுரும். கோட்டை விட்டுட்டு அது இஷ்டத்துக்கு அந்தாண்ட ஓடிரும்.

— எல்லாம் தெரியும். ஆறு மாசமா நீங்க இடது உள்ளங்கையை வச்சு அழுத்துறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— பார்த்தது போதும். ஆறு மாசமா கோடு உன்னுது, உடைக்கிறது என்னுது. மொதலாளி நாராயணப்பண்ணன் நேத்து என்ன சொன்னாரு?

— ஒரு ஆள் வேலைக்கு ரெண்டு ஆளான்னு கேட்டாரு.

— அப்புறம்?

— கோடு போடுறதும் உடைக்கிறதும் ஒரே ஆள் பண்ணுனா இந்த டேபிள் எனக்கு. இல்லாட்டி அத்திப்பள்ளியிலருந்து ஒரு ஆளு வர்றாரு.

— அதான் கதை. அஞ்சு மணிக்கு பேரிகைக்கு டெம்போ கெளம்புது. அங்கன்வாடிக்கு பன்னெண்டு ஜன்னல் கண்ணாடி. நீ இன்னும் மொதல் கண்ணாடிக்கே வேர்வை துடைச்சுகிட்டு இருக்கற. உனக்கு ஆவாதுன்னா இப்பவே சொல்லிரு, நான் அண்ணன்கிட்ட பேசிக்கறன்.

— என்ன பேசுவீங்க? அத்திப்பள்ளி ஆளை வரச்சொல்லியா? அந்த ஆளு வரமாட்டாரு. ஏழு வருசம் கம்பெனியில ஒரே ஸ்க்ரூவை முடுக்கினேன். காண்ட்ராக்ட் முடிஞ்சுச்சுன்னு ஒருநாள் காலையில கம்பெனி பஸ்ஸே எனக்கு நிக்காமப் போயிருச்சு. அந்த ஸ்க்ரூ எந்த வண்டியில போச்சோ, எனக்கு என்ன தெரியும்? இங்க போடுறது என் கோடு. இந்த டேபிளை நான் விடமாட்டேன். எழுதி வச்சுக்கங்க.

— அப்படிப் போடு! உசிலம்பட்டிக்காரின்னா சும்மாவா? உடை.

— உடைக்கிறேன். நீங்க கண்ணை மூடிக்கங்க.

— மூடிட்டன்.

— தொறக்கக் கூடாது.

— தொறக்கல. ம்... என்ன, சத்தத்தையே காணோம்?

— வச்சுட்டேன்.

— எதை?

— கண்ணாடியைத் திரும்ப டேபிள்ல வச்சுட்டேன். லாரி போச்சு. டேபிளே ஆடுச்சு.

— பர்கூர்லருந்து கல்லு லாரி நாள் பூராத்தான் போவும். அதுக்காக இந்த ஓசூர்ல ஒருத்தனும் கண்ணாடி உடைக்காம இருக்கறானா? அப்பளம் உடைக்க நல்ல நேரம் பார்த்த கதையா இருக்குது.

— அப்பளம் கையை அறுக்காதுல்ல.

— கையில தோல் உறை போட்டிருக்கற. கால்ல என் ஷூ. அரையடித் துண்டெல்லாம் குறடு வெச்சு முறுக்கு கணக்கா உடைக்கறவதானே நீ?

— சின்னது வேற, பெருசு வேற. பெருசு கீழ விழும்.

— விழாது. சரி, வேற வழி பண்ணுவம். தீக்குச்சி இருக்குதா? கோட்டுக்கு நேரா அடியில இந்த முனையில ஒண்ணு, அந்த முனையில ஒண்ணு வெய்யி.

— வச்சாச்சு.

— இப்ப கோட்டுக்கு ரெண்டு பக்கமும் உள்ளங்கையை வெச்சு அழுத்து.

— அழுத்துனேன்.

— அழுத்துனியா, தடவிக் குடுத்தியா? அது பூனைக்குட்டி இல்ல.

— பேசாம இருக்கீங்களா!

— இருக்கறன். குச்சியை எடுத்துரு. கட்டரைத் திருப்பிப் புடி. பின்பக்கத்துல உருண்டையா இருக்குதுல்ல, அதால அடியிலருந்து கோட்டு மேல தட்டு. மெதுவா. இன்னும். ஆங், தெரியுதா? உள்ள வெள்ளிக் கம்பி மாதிரி விரிசல் ஓடுது பாரு.

— ஆத்தாடி!

— ஏன் நிறுத்திட்ட? ஓடறப்ப நிறுத்தலாமா?

— தானா ஓடுதுங்க!

— ஓடணும்னுதானே தட்டறோம்? நாலு வெரக்கடை ஓடி நின்னுருச்சு பாரு. இப்ப இது முழுக் கண்ணாடியும் இல்ல, ரெண்டு துண்டும் இல்ல. புடிச்சு ஒரு அழுத்து, முடிஞ்சுது. ஜோதி... கையை எடு மூஞ்சியிலருந்து. நாராயணப்பண்ணன் வர்றாரு.

— ஏனப்பா கோவிந்தா, ஆய்த்தா?

— வாங்கண்ணா. ஆவுதுண்ணா.

— என்ன ஆவுது? ரோட்டுலருந்தே பார்த்துட்டுதான் வர்றேன், புருசனும் பொண்டாட்டியும் பேசிட்டே இருக்கீங்க, ஒரு துண்டு விழலியே. பன்னெண்டுல எத்தனை ஆச்சு?

— எல்லாத்துக்கும் மொதல்ல கோடு போட்டு வெச்சுக்கறோம்ணா. அப்புறம் மொத்தமா உடைச்சுருவோம்.

— யார்கிட்ட அப்பா கதை உடறே? முப்பது வருசமா கண்ணாடி விக்கிறேன். கோடு போட்ட கண்ணாடியை உடைக்காம எவனாவது வெப்பானா? தெரியாம ஒருத்தன் தூக்குனா என்ன ஆவும்? நீ தொழில் தெரிஞ்சவன், நீயே இப்படிப் பேசறே.

— சும்மா சொன்னன்ணா.

— ஏம்மா, உனக்குப் பயம்னா சொல்லிரும்மா. தப்பே இல்ல. பயந்தவங்க கையில கண்ணாடி குடுக்கிறதுதான் தப்பு.

— பயம் இல்லைண்ணே. பேரிகைக் கண்ணாடி பன்னெண்டும் நான்தான் ஏத்துவேன்.

— சரி. நாலு மணிக்கு வர்றேன். பேகா பேகா, சீக்கிரம் ஆகட்டும்.

— போயிட்டாரு. தண்ணி குடிக்கிறியா?

— ஏன் அவருகிட்ட பொய் சொன்னீங்க?

— உனக்கோசரந்தான்.

— எனக்கோசரம் இன்னும் எம்புட்டுப் பொய் சொல்லுவீங்க? அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் ஒண்ணு சொன்னீங்க.

— என்ன சொன்னன்? கை வழுக்கிருச்சுன்னு சொன்னன்.

— வழுக்கலை.

— பழைய கதையை இப்ப எதுக்கு எடுக்கற? மணி ரெண்டரை ஆவுது.

— வழுக்கலைங்க. நான் சோத்துத் தூக்கோட வாசல்ல நின்னேன், என் கண்ணால பாத்தேன். நீங்க அந்தக் கண்ணாடியை ஸ்டேண்டுலருந்து தூக்கிட்டுத் திரும்புனீங்க. உங்க கையிலயே அது ரெண்டாப் பிரிஞ்சுச்சு. மேல் பாதி நழுவி மணிக்கட்டுல இறங்குச்சு. ஏன் பிரிஞ்சுச்சுன்னு நீங்க ஒருநாள்கூட கேக்கலையே?

— கண்ணாடின்னா உடையும். அதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?

— சும்மா உடையலை. அதுல கோடு இருந்துச்சு. நான் போட்டது.

— ஜோதி...

— பேசவிடுங்க. இப்ப நிறுத்துனா பெறகு வராது. முந்தின நாள் பாகலூர் ரோட்டுல ஷோகேஸ் மாட்டப் போனீங்க. கடையைப் பாத்துக்கன்னு என்னை உக்கார வச்சுட்டுப் போனீங்க. எத்தனை தடவை கேட்டிருப்பேன் உங்களை, எனக்கும் சொல்லித்தாங்கன்னு? பொம்பளைக் கைக்கு ஆவாது, ஆவாதுன்னீங்க. ஆளு இல்லாத நேரம் நானே போட்டுப் பாப்போம்னு ஒரு முழுக் கண்ணாடியை டேபிள்ல சாய்ச்சுட்டேன். ஸ்கேலை வச்சேன், கட்டரை மண்ணெண்ணெயில முக்குனேன், இழுத்தேன். அந்தச் சத்தம் என் ஒடம்பெல்லாம் ஓடுச்சுங்க. உடைக்கப் போறேன், உங்க பைக் சத்தம் கேக்குது.

— ம்.

— பயந்துட்டேன். முழுக் கண்ணாடியை வீணாக்கிட்டாள்னு கத்துவீங்களேன்னு அப்படியே தூக்கி ஸ்டேண்டுல சாத்திட்டேன். வீட்டுல சொல்லிரலாம்னு இருந்தேன். நீங்க அன்னைக்கு நல்ல குணத்துல இருந்தீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன். காலையில எனக்கு முன்னாடி கடைக்கு வந்துட்டீங்க. மத்ததெல்லாம் உங்க கையில இருக்கு. இன்னைக்கும் பெரிய கண்ணாடியை இப்படிப் புடிச்சாலே, எனக்குக் கண்ணாடி தெரியலை, அந்த மணிக்கட்டுதான் தெரியுது. கோடு வருது. உடைக்க வரலை. இதுதான் விசயம். திட்டுங்க. ஏதாச்சும் சொல்லுங்க.

— எத்தனை அங்குலத்துல போட்ட?

— என்ன?

— அந்தக் கோடு. ஓரத்துலருந்து எத்தனை அங்குலம்?

— அதா இப்ப முக்கியம்? பதினெட்டு.

— பதினெட்டு இல்ல. பதினெட்டும் ஒரு நூலும், அரைக்கால் அங்குலம் கூட.

— ஏங்க...

— ஸ்கேலைச் சரியா பதினெட்டுலதான் வெச்சிருக்கற. ஆனா கட்டர் சக்கரம் ஸ்கேலை ஒட்டிகிட்டு ஓடாது. ஒரு நூல் தள்ளித்தான் ஓடும். அதைக் கழிச்சுட்டுத்தான் ஸ்கேலை வெக்கணும். யாரும் சொல்லித்தராத ஆள் போட்ட கோடு அது.

— உங்களுக்கு எப்படி...

— ஆசுபத்திரியிலருந்து வந்த மறுநாள் கடைக்கு ஒரு நடை வந்தன். மேல் பாதிதான் தூள் தூளாப் போச்சு. கீழ்ப் பாதி செவுத்துல சாஞ்சு அப்படியே கெடந்துச்சு. இடது கையில டேப்பைப் புடிச்சு அளந்தன்.

— அப்ப ஆறு மாசமாத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டேவா என் கையால சோறு தின்னீங்க?

— கோவம் வராம இல்ல. பத்து நாள் செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தனே, நெனப்பிருக்குதா? வலின்னு சொன்னன். வலி இல்ல, கோவம். பாதி உன் மேல. பாதி என் மேல. கேட்டப்பவே சொல்லிக் குடுத்திருந்தா நீ ஏன் திருட்டுத்தனமா போடப் போற?

— பதினோராம் நாள் எழுந்து வந்து கட்டரை என் கையில குடுத்தீங்க.

— குடுத்தன்.

— அம்புட்டும் தெரிஞ்சுமா குடுத்தீங்க? ஏன்?

— மொதல்ல உடை. அப்புறம் சொல்றன்.

— இப்பச் சொல்லுங்க.

— மாட்டன். பாதி ஓடுன கண்ணாடி காத்துகிட்டு இருக்குது. உடை.

— தள்ளி நில்லுங்க.

— கண்ணை மூடிக்கட்டுமா?

— வேணாம். பாருங்க.

— பார்க்கறன். தூக்கு... இத்துனூண்டு... ம்!

— ஆச்சு.

— ஆச்சு.

— ஏங்க, ஆயிருச்சுங்க! ஒரே டக்குதான். என் கையில ஒண்ணு, டேபிள்ல ஒண்ணு.

— கையைக் காட்டு. உறையைக் கழட்டிட்டுக் காட்டு. மணிக்கட்டு?

— ஒரு சொட்டு இல்ல.

— கீழ வெய்யி. அடுத்த கண்ணாடியை எடு.

— எடுக்கிறேன். இன்னும் பதினொண்ணையும் எடுப்பேன். சொல்லிட்டு நகருங்க. தெரிஞ்சும் ஏன் கட்டரைக் குடுத்தீங்க?

— அந்தக் கீழ்ப் பாதியை அளந்துட்டு, வெட்டு வாயில வெரலை வெச்சு இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தன் ஜோதி. நாலடி நீளம், ஒரு பிசிறு இல்ல. பதினஞ்சு வருசத்துல என் கையில அப்படி ஒண்ணு வந்ததில்ல, அந்தக் கோட்டைப் போட்டவளை விட்டுட்டு வேற யாரை இந்த டேபிள்ல நிறுத்தறது?