மூன்று நாள் லீவு

— மெல்லக் கதையும், கோசலை. ஆந்தை அம்பது மீற்றரிலை இருக்குது.

— போனிலை கதைக்கிறது உங்கடை ஆந்தைக்குக் கேக்குமே? நான் லா சப்பல் தமிழ்க் கடைத் தெருவிலை, மடுத்தீன் அண்ணையின்ரை சாப்பாட்டுக் கடை வாசலிலை நிக்கிறன்.

— என்ரை முதலாளியிட்டை ஏன் போனனீர்? ரெண்டு நாளா இந்த நோர்மண்டி மணலிலை குப்புறக் கிடக்கிறன். வட துருவத்துப் பனி ஆந்தை, கோசலை. இஞ்சாலை வாறதே அருமை. முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்குது. ஒருக்கா முகத்தைத் திருப்பினா, ஒரு படம் எடுத்தா எனக்குப் போதும்.

— அண்ணையிட்டை என்ன சொல்லி லீவு எடுத்தனீங்கள்?

— செத்தவீடு எண்டு. ஆந்தை பாக்கப் போறன் எண்டா மூண்டு நாள் தருவாரே?

— ஆற்றை செத்தவீடு?

— சட்டெண்டு பேரைக் கேட்டார். வாயிலை பெரியம்மான்ரை பேர்தான் வந்தது.

— சார்செல்லிலை உயிரோடை இருக்கிற மனிசியையோ?

— அவ முழங்கால் வருத்தத்தோடை லா சப்பல் பக்கம் வாறேல்லைத்தானே.

— மடுத்தீன் அண்ணை உங்களுக்காகக் கவலைப்பட்டு, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிச்சு ஒட்டியிருக்கிறார். மரக்கறிக் கடை, நகைக் கடை, மெற்றோ வாசல், எல்லா இடமும். நீங்கள் ஃபேஸ்புக்கிலை போட்ட பெரியம்மான்ரை படம்தான்.

— கடவுளே. கிழியும், எல்லாத்தையும் கிழியும்.

— ஏழு கிழிச்சிட்டன். செத்த மனிசியின்ரை படத்தை ஏன் பிள்ளை கிழிக்கிறாய் எண்டு நகைக் கடைக்காரர் பேசுறார். வெளிக்கிட்டு வாங்கோ.

— பொறும், இறகை உதறுது. இப்ப எழும்பினா எல்லாம் வீண். வேலை போனாலும் பரவாயில்லை, பெரியம்மாக்குத் தெரியாட்டிச் சரி.

— துக்கம் விசாரிக்க மடுத்தீன் அண்ணையின்ரை மனிசி யசோதினி அக்கா சார்செல்லுக்குப் போன் எடுத்திருக்கிறா. பெரியம்மாவேதான் தூக்கினவ.

— பிறகு?

— பிறகென்ன. நொண்டி நொண்டி றெயின் பிடிச்சு வந்திட்டா. எனக்குப் பக்கத்திலை நிண்டு தன்ரை நோட்டீசை ரெண்டாந்தரம் வாசிக்கிறா. போனைக் கேக்கிறா, குடுக்கிறன்.

— வேண்டாம் கோசலை, பொறும்...

— ஐங்கரன், நான்தான்.

— பெரியம்மா, நான் வேணுமெண்டு...

— பேசேல்லை ராசா. கோசலை எல்லாம் சொன்னவள். உன்ரை ஆந்தை முகம் காட்டினதே?

— ஓம். இப்பத்தான் திரும்பினது. நான் படம் எடுக்கேல்லை.

— ரெண்டு வருசமா வாவன் எண்டு கேக்கிறன், லீவு இல்லை எண்டாய். நான் செத்தவுடனை மூண்டு நாள் தந்திருக்கிறாங்கள். ரெண்டு நாளை ஆந்தைக்குக் குடுத்திட்டாய். நாளையான் நாள் என்ரை, வீட்டை வா.