புது மேஸ்திரி என்ன பண்ணுதான்?

— கதவைப் பூட்டினானா இல்லையா, அதை மட்டும் சொல்லு பெருமாயி.

— எந்தக் கதவை?

— தீப்பெட்டி ஆபீஸ் கதவைத்தான் கேக்கேன். சங்கு ஊதின பிறகு வாரவளை வெளிய நிறுத்தணும். நான் மேஸ்திரியா இருந்த மட்டும் அதுதான் சட்டம். அந்தப் புது மேஸ்திரி பூட்டினானா?

— பூட்டலை. இடைசெவல் வேன் கரிசல் சகதியில புதைஞ்சுபோச்சு. பொம்பளையள்லாம் இறங்கித் தள்ளிட்டு, முழங்கால் மட்டும் சேறோட வந்து நின்னாளுவ. புது மேஸ்திரி உள்ள விட்டாவ. டீக்கடையில வெந்நி வாங்கிக் குடுத்து, காலைக் கழுவிட்டு வாங்கன்னாவ.

— கெட்டுது போ! அது ஆபீஸா, பிள்ளை பெத்த வீடா?

— சாயந்திரம் சங்கு ஊதியும் ஒருத்தியும் எந்திரிக்கலை. விட்டுப்போன பெட்டியை அடைச்சுக் குடுத்துட்டுத்தான் வேன்ல ஏறினாளுவ.

— நடிப்பு. நம்பாதே.

— நீங்க யாரைத்தான் நம்பினீங்க? ஏத்துறவன் பண்டலைச் சரியா அடுக்குதானான்னு லாரி மேல ஏறிப் பாக்கப்போய்த்தானே இப்ப கால்ல கட்டோட கிடக்கீங்க?

— பேச்சை மாத்தாதட்டி. தீக்குச்சி மருந்து ரூம் சாவி யாருட்ட இருக்கு? அந்தத் துருப்பிடிச்ச கொத்தை நான் தூங்கும்போதுகூட இடுப்பை விட்டு எடுத்ததில்லை.

— தெரியாதா? புரண்டு படுத்தா எனக்குல்லா குத்தும். இப்ப அது புது மேஸ்திரி இடுப்புலதான்.

— என் நாற்காலி?

— எது, அந்தப் பரண்மேல போட்டாப்புல உசரமா நிக்குமே, அதா? அதுமேல லேபிள் கட்டை அடுக்கி வச்சிருக்கு. புது மேஸ்திரி உக்கார்றதே இல்லை. நடந்துக்கிட்டே இருக்காவ.

— உக்காந்து பாக்காம எவ என்ன செய்யுதான்னு எப்படித் தெரியும்?

— பக்கத்துல போய்க் கேட்டாத் தெரியுதாம்.

— சரி, போகும்போது தூக்குச்சட்டியைத் திறந்து பாக்கானா?

— அதை நிறுத்தியாச்சு.

— அட பாவி! அப்ப கழுகுமலை வரைக்கும் நம்ம தீப்பெட்டியிலதான் அடுப்பெரியும்.

— ஒண்ணும் காணாமப் போகலை. சுடலையம்மாள் என்ன சொன்னா தெரியுமா? முந்தி மாடக்கண்ணு மேஸ்திரி கண்ணுல மண்ணைத் தூவி எடுத்துட்டுப் போறதுல ஒரு ருசி இருந்துச்சாம். இப்பத் தேட ஆளில்லையா, திருடவே பிடிக்கலையாம்.

— பாத்தியா, பாத்தியா! அவ திருடின்னு நான் அன்னைக்கே சொன்னேன்.

— நீங்க எல்லாரையும்தானே சொன்னீங்க. அதுல ஒண்ணு ரெண்டு பலிக்காமலா போகும்?

— சிரிக்காதே. மாரித்தாய் சண்டை போடாம இருக்காளா? அவளை மட்டும் எவனாலயும் மேய்க்க முடியாது.

— அவ இடதுகைக்காரி. நெருக்கி உக்கார வச்சிருந்தீங்க. குச்சி அடுக்கும்போதெல்லாம் பக்கத்துல இருக்கவ முழங்கையில இடிக்கும். அதான் சண்டை. இப்ப வரிசைக் கடைசியில உக்கார வச்சாச்சு. சத்தமே இல்லை.

— இத்தனை வருசமா அவ வாயைப் பாத்தேன். கையைப் பாக்கலையேட்டி.

— வருத்தப்படாதீங்க. உங்க வேலை உங்களுக்குத்தான் வரும். நீங்க மட்டும் நேத்து சொல்லலைன்னா...

— நேத்து என்ன சொன்னேன்?

— மழைக்குக் குச்சியில மருந்து காயாது, வடக்கு சன்னலை அடைச்சுட்டுத் தெக்கு சன்னலைத் திற, குச்சி அடுக்கின சட்டத்தை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இடம் விட்டு வைன்னு சொன்னீங்கல்லா? அதுபோலவே வச்சாவ. உச்சிக்குள்ள குச்சி அத்தனையும் சருகாக் காஞ்சுபோச்சு.

— நான் இந்தக் கட்டில்ல கிடந்து சொன்னது அவனுக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?

— அது... காத்து வாக்குல...

— எந்தக் காத்து? மருந்து முக்குற சுந்தரபாண்டி நம்ம சன்னலுக்குக் கீழ நின்னு ஒட்டுக் கேக்கானா?

— அந்தாளுக்குப் பக்கத்துல நின்னு கத்தினாலே காது கேக்காது.

— அப்ப வேற யாரோ இருக்காவ. சரி, அது கிடக்கட்டும். நாளைக்கு லோடு ஏறுதுல்லா? ஏத்திவிட்டுட்டு முதலாளி முடிவு சொல்லுதேன்னாரே, பழைய மேஸ்திரியா, புது மேஸ்திரியான்னு. ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்கமாட்டேன்னாரே. என்ன ஆச்சு?

— இன்னைக்கே கூப்பிட்டுக் கேட்டாரு.

— யாரை?

— புது மேஸ்திரியைத்தான். நீயே இரு, இவ்வளவு பெரிய லோடு இதுக்கு முந்தி ஒரு நாளும் சொன்ன தேதிக்குத் தயாரானதில்லை, என்ன சொல்லுதேன்னு கேட்டாரு.

— அவன் என்ன சொன்னான்?

— நாளைக்குச் சொல்லுதேன்னு வந்துட்டாவ. ஆனா வேண்டாம்னுதான் சொல்லுவாவ.

— ஏன்?

— மாடக்கண்ணு மேஸ்திரிக்கு அந்த ஆபீஸ்தானே உசுரு. கட்டுப் பிரிச்சு வரும்போது அவிய இடத்துல வேற ஆள் நின்னா மனுசன் ஒடிஞ்சுபோவாருன்னு நினைக்காவ. கால் ஒடிஞ்சது போதும்னு நினைக்காவ.

— அவ்வளவு பாசமா என்மேல?

— இருக்கும் போல.

— அவ்வளவு பாசம் உள்ளவ, நான் கீழ விழுந்த நாள்லருந்து ஒரு எட்டு வந்து பாக்கலையே.

— பாக்காம என்ன... சரி, கஞ்சி ஆறுது, குடிங்க.

— குடிக்கேன். அந்த மேஸ்திரிட்ட ஒரு சேதி சொல்லணும். சொல்லுவியா?

— சொல்லுதேன்.

— வேண்டாம்னு சொல்லிரக்கூடாது, இருக்கேன்னு சொல்லணும். இதை மாடக்கண்ணு சொன்னான்னு சொல்லு.

— என்னங்க...

— குறுக்கப் பேசாதே. இடுப்புச் சேலையில துருக்கறை பிடிச்சுக் கிடக்கு பாரு, அதைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லு. கட்டுப் பிரிச்சதும் காயப்போடுற ரூமுக்கு ஒரு நொண்டி ஆள் வேலை கேட்டு வருவான். வீட்டுக்குப் போகும்போது அவன் தூக்குச்சட்டியையும் திறந்து பாக்கமாட்டாவளான்னு கேட்டுச் சொல்லு பெருமாயி.