செல்சிக்கு ஒப்பாரி வைத்த விவரம்

பெயர்: பாஞ்சாலி. வயது: 54. கணவர் பெயர்: பெரியசாமி. விலாசம்: மாரியம்மன் கோயில் தெரு, கோலியனூர், விழுப்புரம் வட்டம். தொழில்: விவசாயக் கூலி, சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுவதும் உண்டு. 24.4.2021 சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நிலையத்துக்குத் தானாக வந்து சொன்னதைச் சார்பு ஆய்வாளர் எழுதியது.

நான் மேற்கண்ட விலாசத்தில் முப்பத்தாறு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். கரும்பு வெட்டு, நடவு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஆய்தல் என்று எந்த வேலைக்கும் போவேன். வளவனூர் முதல் விழுப்புரம் வரை யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பாடுவதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். இன்று என்னை யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. எங்கள் தெரு ரஞ்சித் பேரில் வழக்குப் போட்டிருப்பதாக அவர் தாயார் செண்பகம் நேற்று என் வீட்டுக்கு வந்து அழுததால், நடந்தது முழுவதும் தெரிந்த ஆள் என்ற முறையில் நானாக வந்தேன்.

கடந்த 20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் தெருவில் குடியிருக்கும் இனியவன் எனக்குப் போன் செய்து, ஒரு சாவு என்றும், ஏரிக்கரை மைதானத்துக்கு வர வேண்டும் என்றும் சொன்னார். யார் செத்தது என்று கேட்டதற்கு வந்தால் தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கொரோனா காலம் ஆனதால் நான் பயந்துகொண்டு, இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். அங்கே பச்சை மூங்கிலில் பாடை கட்டி, தென்னங்கீற்று பரப்பி, அதன் மேல் நீலச் சட்டை ஒன்றையும் ஒரு பந்தையும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் இருந்தது. அதில் கண்ணீர் அஞ்சலி, தோற்றம் 1905, மறைவு 2021 என்று போட்டு, போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் கோல் பிடித்த சிங்கம் இருந்தது. சுற்றிலும் ரஞ்சித், இனியவன் உட்பட பதினோரு பேர் நின்றார்கள்.

பிணம் இல்லாத பாடையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்து, சாவு என்ன உங்களுக்கு விளையாட்டா என்று கேட்டு வாயில் வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பினேன். பத்தடி போன பிறகு, நூற்றுப் பதினாறு வயதில் செத்தது எதுவாக இருக்கும் என்று மனசு குடைந்தது. தெரியாமல் வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே திரும்பி வந்து கேட்டேன்.

அதற்கு ரஞ்சித் சொன்னது என்னவென்றால், செத்தது செல்சி என்னும் லண்டன் கால்பந்து கிளப் என்றும், அந்தச் சிங்கம் அதன் சின்னம் என்றும், இவர்கள் பதினோரு பேரும் அதன் ரசிகர்கள் என்றும், அதுவும் இன்னும் பதினொரு பணக்கார கிளப்புகளும் சேர்ந்து தங்களுக்கென்று தனி லீக் தொடங்குவதாக முந்தின நாள் செய்தி வந்தது என்றும் சொன்னார். தொடங்கினால் என்ன என்று கேட்டேன். "தோத்தாலும் அவங்கள யாரும் வெளிய அனுப்ப முடியாது, பெரிம்மா. சின்ன டீமு என்னதான் உசுரக் குடுத்து ஆடினாலும் அவங்கள மாரி நெலையா உள்ள குந்த முடியாது. அப்புறம் எதுக்கு ஆட்டம்?" என்றார். பந்தியில் முதலில் உட்கார்ந்த பன்னிரண்டு பேர் இலையை விட்டு எழுந்திருக்கவே மாட்டோம் என்பதுபோலவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்த லண்டன் ஊர்க்காரர்கள் சும்மாவா இருக்கிறார்கள் என்று கேட்டேன். அங்கேயும் சனங்கள் தெருவுக்கு வரப் போகிறார்கள், அதனால்தான் நாங்களும் செய்கிறோம் என்றார். எனக்கும் வயிறு எரிந்தது. பாடுவதற்குச் சம்மதித்தேன்.

எங்கள் தொழிலில் விவரம் கேட்காமல் பாட மாட்டோம். ஆகவே சொந்தபந்தம் யார், யார் வளர்த்தது, என்ன நல்லது செய்தது என்று வரிசையாகக் கேட்டேன். அவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு கொள்ளிச்சட்டி யார் எடுப்பது என்று கேட்டேன். செத்ததற்கு உரிமைக்காரர் ஒருவர் கையில் சட்டி இல்லாமல் நான் வாய் திறப்பதில்லை. அவர்கள் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. நீ எடு, நீ எடு என்று ஒருவரை ஒருவர் தள்ளிச் சிரித்தார்கள். ரஞ்சித் மட்டும் சிரிக்கவில்லை. நான் அவரைப் பார்த்து உனக்கு என்ன உரிமை என்று கேட்டேன். "இவனுங்க தோக்கற மாரி இருந்தா செல்லை ஆஃப் பண்ணிட்டு தூங்கிடுவானுங்க. நான் மட்டும்தான் முழுசா பாத்துக்கினு இருப்பேன்" என்றார். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் பட்டதால், அவர் கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொன்னதையும் கேட்காமல், சட்டியை நான் எடுத்து அவர் கையில் கொடுத்து முன்னால் நிற்க வைத்தேன்.

பிறகு வெயில் ஏறிவிட்டபடியால், பாடையை மைதானத்தின் ஓரம் உள்ள வேப்பமர நிழலுக்குத் தூக்கிவரச் சொன்னேன். அந்த மரம் வேங்கடேசன் என்பவர் புதிதாகக் கட்டிய வீட்டு கேட்டுக்கு நேர் எதிரில் இருக்கிறது. அவர் தகப்பனார் ராஜாமணிக்கு எண்பத்தொரு வயது. அவர் மூச்சுத் திணறலுக்காகப் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. இந்த விவரம் எனக்கு அப்போது தெரியாது. பையன்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். நிழலுக்கு வாருங்கள் என்று சொன்னது என் வாய். அவர்கள் தூக்கியது மட்டும்தான்.

அங்கே நான் சுமார் அரை மணி நேரம் பாடினேன். பாடியதில் ஒரு இடம்:

"கூழு ஊத்தி வளத்த சனம்
கூவி நிக்குது தெருவுல – நீ
கோட்டு போட்ட கூட்டத்தோட
குந்திக்கினியே உள்ளார"

இந்த இடத்தில்தான் வேங்கடேசன் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்தார். அவர் வீட்டுக் காம்பவுண்டு சுவர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது. தெருவில் நிற்கிற சனம், உள்ளே குந்திக்கொண்டவர் என்று கேட்டதும் தன்னையும் தன் தகப்பனாரையும்தான் பாடுகிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எங்கப்பா உயிரோட இருக்கும்போதே பாடை கட்டுறீங்களாடா என்று கத்தினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். செத்தது லண்டன்காரன் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த நேரத்தில் யார் காதில் ஏறும்? அவர் அனைத்தையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். நாங்கள் பாடையைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கலைந்துவிட்டோம். கைகலப்பு எதுவும் நடக்கவில்லை. அங்கே கூடியது சாவா, போராட்டமா என்று இப்போது சார்பு ஆய்வாளர் கேட்டார். சாவு என்றால் ஐம்பது பேர் வரை கூடலாம் என்று கொரோனா விதி இருந்தது, நாங்கள் பன்னிரண்டு பேர். போராட்டம் என்றால் அனுமதி வாங்கவில்லை. அது எது என்று எனக்கே இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலையில் இனியவன் என் வீட்டுக்கு ஓடி வந்து, லண்டனில் சனங்கள் தெருவில் நின்றதும் செல்சி அந்த லீக்கில் இருந்து விலகிக்கொண்டது என்றும், செத்தது பிழைத்துக்கொண்டது என்றும் சொன்னார். இத்தனை வருடத்தில் நான் பாடி அனுப்பி வைத்த எதுவும் திரும்பி வந்தது கிடையாது. இதற்கு என்ன சடங்கு என்று எங்கள் தெருவில் நாலு பேரைக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை ராஜாமணியும் தேறி வீடு திரும்பிவிட்டார். விசாரிக்கப் போனேன். மகன் என்னை உள்ளே விடவில்லை. ஆனால் பெரியவர் உள்ளே இருந்தபடியே சன்னல் வழியாக, எனக்குப் பாடின பாட்டு என்ன, பாடு கேட்போம் என்றார். உங்களுக்குப் பாடவில்லை என்று சொன்னேன். யாருக்குப் பாடினால் என்ன, சாவுச் சேதி பொய்யானால் ஆயுசு கெட்டி என்று சொல்லி விடாப்பிடியாகக் கேட்டதால், கேட்டுக்கு வெளியே நின்று நாலு அடி பாடினேன். கடைசி அடியை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்றார். வேங்கடேசன் மட்டும் புகாரைத் திரும்பப் பெற முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் பட்ட வலி அவருக்கு. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது வழக்கில் ரஞ்சித் பெயர் முதலாவதாக இருப்பதாகவும், வீடியோவில் சட்டியோடு முன்னால் நிற்பது அவர்தான் என்பதால் கூட்டம் கூட்டியவர் அவரே என்று எழுதியிருப்பதாகவும் தெரிகிறது. அவர் யாரையும் கூட்டவில்லை. அவரை முன்னால் நிறுத்தியதும், சட்டியைக் கையில் கொடுத்ததும், பாடையை அந்த வாசலுக்கு எதிரில் வைத்ததும் நான். சாவில் சட்டி தூக்குகிறவர் ஏற்பாடு செய்தவர் அல்ல, இழந்தவர். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ரஞ்சித் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருக்கிறார். இன்னும் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். அதன் பிறகு அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து இதே நிலையத்துக்குத்தான் கடிதம் வரும் என்கிறார்கள். வழக்கு இருந்தால் வேலை இல்லை. மேலே சொன்னபடி எழுதினால் வழக்கில் நானே முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட முதல் ஆள், ஆக நேரிடும் என்று சார்பு ஆய்வாளர் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். எனக்கு விளங்கியது. எனக்கு இனிமேல் எழுத வேண்டிய பரீட்சை எதுவும் கிடையாது. ஆகவே அந்த முதல் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் பார்த்ததும் செய்ததும் இவ்வளவே. இதில் நான் கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை. யாரும் சொல்லிக் கொடுத்து இதைச் சொல்லவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

(ஒப்பம்) பெ. பாஞ்சாலி