சும்மா கிடக்கும் போன் சூடானால்

முதலில் உங்கள் போனைக் கவிழ்த்து வையுங்கள், சார். திரையில் வருவதையெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவன் படித்துவிடுவான். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. கம்பெனி கம்பெனியாகப் போய் போன் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுக்கிறவன் நான்.

பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் லிங்கைத் தொடாதே, ஊர்பேர் தெரியாத வைஃபையில் போய் ஒட்டிக்கொள்ளாதே, டார்ச் லைட் ஆப் உன் தொடர்பு எண்களைக் கேட்டால் எதற்கு என்று கேள். எல்லோரும் தலையாட்டுவார்கள். டீ இடைவேளையில் அதே லிங்கைத் தட்டுவார்கள். கடைசியில் ஒன்று சொல்வேன்: நீங்கள் குளிக்கப் போகும்போது உங்கள் போன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டம் நன்றாகச் சிரிக்கும்.

என் மனைவி யார் எது சொன்னாலும் நம்பிவிடுவாள். அதனால் அவள் போனில் சின்னதாக ஒரு ஆப் போட்டேன். திரையில் தெரியாது. செய்தி, அழைப்பு என்று அவளுக்கு வருவதெல்லாம் முதலில் எனக்கு வரும். வேண்டாததை எடுத்துவிட்டு மிச்சத்தை விடுவேன், பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி. வேலைக்கு வரச்சொல்லி இரண்டு இடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். அலைச்சல் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. வர இயலாது என்று அவள் பேரில் நானே மரியாதையாகப் பதில் போட்டேன். தோழிகளும் மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள்.

"என்னை யாருமே தேடலைங்க" என்றாள் ஒருநாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

வகுப்புக்கு முன்னால் அவளிடம்தான் ஒத்திகை பார்ப்பேன். அங்கேதான் கோட்டை விட்டேன். சும்மா கிடக்கும் போன் சூடானால், சார்ஜ் மளமளவென்று இறங்கினால், உள்ளே யாரோ இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என் போன்கூட சூடாத்தாங்க இருக்கு" என்றாள்.

மறுநாளே புதுப் போன் வாங்கித் தந்தேன், ஆப் போட்டுத்தான். பாவம், சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டாள்.

அப்புறம் அவளுடைய அக்காவிடமிருந்து செய்தி மேல் செய்தி. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உன் பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், உடனே வா என்று. போனால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள், திரும்பி வருவாள் என்று என்ன நிச்சயம்? ஒவ்வொன்றாக அழித்தேன். தொல்லை நிற்கவில்லை என்றதும் அவள் பேரில் ஒரு வரி அனுப்பினேன்: "எனக்கு நேரமில்லை." அதை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினார்களாம். மறுநாள் வந்த இறப்புச் செய்தியையும் அழித்தேன். அழுதால் அவளுக்குத் தலைவலி வரும்.

எல்லாம் முடிந்த பிறகு அக்கா நேரில் வந்து நின்றாள், சண்டை போடத்தான். சகோதரிகள் இருவரும் இரண்டு போன்களையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"அம்மா அதைக் கேட்டுட்டுத்தான் போனாங்களா?" என்று மட்டும் என் மனைவி அக்காவிடம் கேட்டாள். பிறகு தன் போனை என் முன்னால் தள்ளிவிட்டு அவளோடு படியிறங்கினாள்.

செய்தது நான்தான், சார். வாக்குமூலம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே கவலைதான். இந்தக் காலத்தில் ஒரு பெண் போன் இல்லாமல் வெளியே இருப்பது எவ்வளவு ஆபத்து? புதிதாக ஒன்று வாங்கி, எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். நான் கொடுத்தால் வாங்கமாட்டாள். நீங்கள் கொடுத்ததாகக் கொடுத்துவிட முடியுமா?